பழியெல்லாம் ஷாஃப்ட் தலையில்: சின்க்ரோ வேனின் உதறலும் தேய்மானமும்

நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ள ஃபோக்ஸ்வாகன் டி3 சின்க்ரோ வேன் வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், அதாவது இழுவையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் நீளத் தண்டு, வந்து நடுவில் உட்கார்ந்துவிடும். மணிக்கு 80 கி.மீ.-ஐத் தாண்டினால் தரை அதிர்கிறது, 95-ல் கியர் லீவர் நடுங்குகிறது, 110-ல் அடங்குகிறது, ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வேறு சுருதியில் முனகுகிறது. கேட்பவர் யாராக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: "ஷாஃப்டைக் கழற்றி பேலன்ஸ் பண்ணு." பண்ணுவார்கள். சில மாதம் நன்றாக ஓடும். அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

இந்த வண்டிகளில் ஷாஃப்ட் பெரும்பாலும் முதல் குற்றவாளி கிடையாது. டயர், விஸ்கஸ் கப்ளிங் (திரவத்தால் பிடிக்கும் இணைப்பு), ரப்பர் மவுண்ட், என்ஜின் மாற்றியவரின் கைவேலை என்று நான்கு பக்கத்துக் கோளாறும் வந்து சேரும் சந்திப்பு அது. சத்தம் அங்கே கேட்பதால் பழியும் அங்கேயே விழுகிறது.

முதலில் அமைப்பு. டி3-க்கு என்ஜின் பின்னால். நான்கு சக்கர இழுவை கொண்ட வேன் ஒன்றைச் செய்துபார்க்கும் ஆசை ஃபோக்ஸ்வாகன் வேன் பிரிவில் 1970களிலேயே இருந்தது. குஸ்டாவ் மேயர், ஹென்னிங் டுக்ஸ்டைன் என்ற இரண்டு பொறியாளர்கள் பழைய டி2 வேனில் முன்சக்கரங்களுக்கும் இழுவை கொடுத்து, சஹாரா மணலில் ஓட்டிப் பார்த்தார்கள். அது விற்பனைக்கு வரவில்லை. 1985-ல் தயாரிப்புக்கு வந்த சின்க்ரோவுக்கான இழுவை அமைப்பை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து ஸ்டையர்-டைம்லர்-புக் நிறுவனம் உருவாக்கியது. ஹனோவரில் இருந்து பாடி போகும். கிராட்ஸில் வண்டி முழுமையாகும். 1992 வரை இப்படி நடந்தது.

பின்னால் இருக்கும் கியர் பாக்ஸின் பினியன் (கிரவுன் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும் சிறு பல்சக்கரம்) தண்டு மூக்கு வழியாக முன்பக்கம் நீள்கிறது. அதில் ஷாஃப்ட் மாட்டி, வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஓடி, இடது வலது சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் முன் டிஃபரன்ஷியலில் போய் முடிகிறது. அந்த டிஃபரன்ஷியலுக்குள்தான் விஸ்கஸ் கப்ளிங் உட்கார்ந்திருக்கிறது. இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடையாது, நடு டிஃபரன்ஷியல் கிடையாது, டிரைவர் இழுக்க வேண்டிய லீவரும் கிடையாது. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் உருளும்வரை கப்ளிங் சும்மா கூடவே சுற்றும். பின்சக்கரம் சேற்றில் வழுக்கியதும் உள்ளே இருக்கும் தகடுகள் வேறு வேறு வேகத்தில் சுழலும். அவற்றுக்கிடையே இருக்கும் கெட்டியான சிலிக்கான் திரவம் பிடித்து முன்சக்கரத்துக்கு இழுவையை அனுப்பும். அழகான ஏற்பாடு. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: வண்டி உருளும் ஒவ்வொரு நொடியும் ஷாஃப்ட் சுற்றியாக வேண்டும்.

எவ்வளவு வேகத்தில் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் உதறலின் மூலத்தைக் கண்டுபிடிக்கும் வழியே அதில்தான் இருக்கிறது. 14 அங்குலச் சக்கரத்து டயர் ஒரு சுற்றில் சுமார் 2.04 மீட்டர் உருளும். 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 13.6 முறை சுற்றும். கிரவுன்-பினியன் விகிதம் 4.86 உள்ள வண்டியில், பினியனோடு நேராக இணைந்த ஷாஃப்ட் நொடிக்கு 66 முறை, அதாவது நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 முறை சுற்றும்.

இந்த வேகத்தில் சின்னப் பிழை சின்னப் பிழையாக இருப்பதில்லை. ஷாஃப்டின் குழாயில் மையத்தில் இருந்து 35 மில்லிமீட்டர் தள்ளி 10 கிராம் எடை ஒரு பக்கம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் அது சுமார் 60 நியூட்டன் விசையோடு வெளியே இழுக்கும். 6 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டது போன்ற இழுவை, அதுவும் நொடிக்கு 66 தடவை திசை மாறி. 50 கி.மீ.-ல் அது கால்பங்காகக் குறைந்துவிடும். ஊருக்குள் ஓட்டும்போது எதுவும் தெரியாமல், நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டி முனக ஆரம்பிப்பது இதனால்தான்.

10 கிராம் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். கழன்று விழுந்த பேலன்ஸ் தகடு, கல் அடித்த நெளிவு, காட்டுப் பாதையில் அப்பிக் காய்ந்த களிமண். கடைசியாகச் சொன்னதைச் சிரித்துத் தள்ள வேண்டாம். பட்டறைக்குப் போகுமுன் ஷாஃப்டை நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதே சிலருக்கு முழு வைத்தியமாக அமைந்துவிடும்.

களிமண்ணை விட நுணுக்கமான காரணம் ஜாயின்ட் கிராஸ்: ஷாஃப்டின் முனையில் யோக் என்ற இரண்டு கவைகளை மடங்கும்படி இணைக்கும் சிலுவைத் துண்டு. கிராஸ் மாற்றும்போது அது யோக்கின் நடுவில் சரியாக உட்காராமல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஒதுங்கிப்போனால் என்ன ஆகும்? அந்த முனை தாங்கும் எடை 4 கிலோ என்றால், 0.1 மி.மீ. ஒதுக்கம் மேலே சொன்ன 10 கிராமுக்குச் சமமான, சொல்லப்போனால் சற்று அதிகமான, சமநிலைக் கேட்டைக் கொண்டுவரும். சுத்தியலால் தட்டி கிராஸ் போடும் பட்டறையில் 0.1 மி.மீ. என்பது ஒரு பொருட்டே இல்லை. மெதுவாகச் சுற்றும் வண்டிக்கு அது ஓடிவிடும். நிமிடத்துக்கு 4,000 சுற்று ஷாஃப்டுக்கு ஓடாது. சின்க்ரோவின் ஒரிஜினல் ஷாஃப்டில் பேரிங் கப்புகளைச் சுற்றி உலோகத்தையே அடித்து மடித்துப் பூட்டியிருப்பார்கள். சர்க்ளிப் (பூட்டு வளையம்) கிடையாது, கிரீஸ் நிப்பிளும் கிடையாது. கம்பெனியைப் பொறுத்தவரை ஜாயின்ட் போனால் ஷாஃப்டே போச்சு. ஆனால் ஷாஃப்ட் வேலையை மட்டுமே செய்யும் பட்டறைகள் யோக்கைக் கடைந்து, சர்க்ளிப் வைத்த கிராஸைப் போட்டுக் கொடுக்கின்றன. வெவ்வேறு கனத்தில் வரும் சர்க்ளிப்புகளை மாற்றிப் போட்டு நடுவைப் பிடிப்பதுதான் அந்த வேலையின் உயிர். அதைச் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

கிராஸ் ஜாயின்டுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. அது கோணத்தில் வளைந்து சுற்றும்போது, ஒரு பக்கம் சீரான வேகத்தில் உள்ளே போனாலும் மறுபக்கம் சீராக வெளியே வராது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். 5 டிகிரி கோணத்தில் இந்த ஏற்ற இறக்கம் 0.4 சதவீதத்துக்கும் குறைவு. 10 டிகிரியில் 1.5 சதவீதம். கோணம் இரட்டித்தால் அலைவு நான்கு மடங்காகிறது. இதனால்தான் இரண்டு முனையிலும் ஒரே அளவு கோணம் வைத்து, ஷாஃப்டின் இரண்டு யோக்குகளையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துகிறார்கள்; ஒன்று முந்துவதை மற்றொன்று பிந்திச் சரிசெய்துவிடும். ஷாஃப்டை ஸ்ப்ளைனில் (பற்கள் கோத்துச் சொருகும் இணைப்பில்) பிரித்துவிட்டு ஒரு பல் தள்ளிச் சொருகினால் இந்தக் கணக்கு கெட்டது. பிரிக்குமுன் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளச் சொல்வது அதற்காகத்தான். அதே சமயம் கோணம் சுத்தமாக இல்லாமலே போனாலும் ஆபத்து. அரை டிகிரியாவது இருந்தால்தான் கப்புக்குள் ஊசி ரோலர்கள் முன்னும் பின்னும் உருண்டு கிரீஸைப் பரப்பும். அசையாமல் ஒரே இடத்தில் அழுந்தினால் அங்கேயே குழி தோண்டும். குழி விழுந்த கிராஸைக் கழற்றிப் பார்த்தால் தண்டின் மேல் ரோலர்களின் அச்சு வரிவரியாக, நகத்தால் கீறியது போல நிற்கும். ஷாஃப்டை அவிழ்த்துக் கையில் பிடித்து யோக்கை மெல்ல அசைத்தாலே இது தெரிந்துவிடும்: நேர்கோட்டுக்கு வரும்போது ஒரு 'கட்' விழுந்து அங்கேயே நிற்கப் பார்க்கும். நல்ல ஜாயின்ட் எண்ணெயில் ஓடுவது போல எல்லாத் திசையிலும் ஒரே இறுக்கத்தோடு அசையும். இந்த 'கட்' இருக்கும் ஷாஃப்டை எந்த மிஷினில் பேலன்ஸ் செய்தாலும் காசுக்குக் கேடு.

இப்போது கண்டுபிடிப்பு. 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 13, 14 துடிப்பு என்றால் அது சக்கர வேகம்: டயர், ரிம், டிரம், வீல் பேரிங். ஸ்டியரிங்கும் சீட்டும் குலுங்குவதாக அதை உடம்பு உணரும். 66 என்றால் ஷாஃப்டின் பேலன்ஸ், குழாய் வளைவு, ஃபிளாஞ்ச் (ஷாஃப்டைப் போல்ட்டால் மாட்டும் தட்டு) கோணல். காலுக்குக் கீழே ரீங்காரமாக வரும். அதன் இரட்டிப்பான 132 என்றால் ஜாயின்ட் கோணம் அல்லது யோக் வரிசை. அது காதில் இரைச்சலாக விழும். போனில் ஒலியின் அதிர்வெண்ணைக் காட்டும் செயலி ஒன்றைப் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னால் போதும். ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது: நாலாவது கியரில் என்ஜின் சுழற்சியும் ஷாஃப்டின் வேகத்துக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. அதே சாலை வேகத்தை மூன்றாவது கியரிலும் பிடித்துப் பாருங்கள். இரைச்சல் இடம் மாறினால் என்ஜின் அல்லது அதன் மவுண்ட். மாறாமல் அப்படியே நின்றால்தான் ஷாஃப்ட் பக்கம் கை வைக்க வேண்டும்.

இதைவிட நேரடியான சோதனையும் சின்க்ரோவில் உண்டு. ஷாஃப்டை முழுதாகக் கழற்றிவிட்டு, பின்சக்கர இழுவையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பது. இந்த வண்டி அதைத் தாங்கும். உதறல் காணாமல் போனால் ஷாஃப்டோ அதன் இரு முனைகளோ. அப்படியே இருந்தால் வேறு எங்கோ. எல்லா நான்கு சக்கர வேன்களிலும் இதைச் செய்துவிடாதீர்கள். நடு டிஃபரன்ஷியலோடு எப்போதும் நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் டொயோட்டா ஹையேஸ் போன்ற வண்டியில் ஒரு ஷாஃப்டைக் கழற்றினால், இழுவையெல்லாம் அந்தத் திறந்த முனை வழியாக வீணாகப் போகும். அதைத் தடுக்கும் கப்ளிங் வெந்துவிடும். மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியரின் சூப்பர் செலக்ட் அமைப்பில் கழற்றவே வேண்டாம், இரண்டு சக்கர நிலைக்குத் தள்ளினாலே முன் ஆக்ஸில் விடுபட்டு முன் ஷாஃப்ட் நின்றுவிடும்.

இனி முக்கியமான விஷயம், டயர். சின்க்ரோவின் டிரைவ் லைனைத் தின்பது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். முன்னால் பாதி தேய்ந்த இரண்டு, பின்னால் புதுசு இரண்டு என்று போடுகிறார்கள். 5 மி.மீ. தேய்மானம் 325 மி.மீ. ஆரத்தில் 1.5 சதவீதம். ரேடியல் டயரின் உள்ளே இருக்கும் பெல்ட் நீளாது, சுருங்காது என்பதால் உருளும் தூரம் முழுதாக அந்த அளவுக்குக் குறையாது. பாதி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 100 கி.மீ. வேகத்தில் கப்ளிங்கின் இரு பக்கத்துக்கும் நிமிடத்துக்கு 30 சுற்று வித்தியாசம். மூன்று மணி நேரப் பயணத்தில் தகடுகள் ஒன்றையொன்று 5,400 முறை உரசிச் சுற்றுகின்றன, சேறே இல்லாத தார்ச்சாலையில். அந்த உரசல் சூடாகிறது. கப்ளிங் இழுவையைப் பிடிக்கிறது. பிடித்த இழுவை ஷாஃப்டை முறுக்கி, முன்பினியனையும் பின்பினியனையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. கிராஸ் ஓயாமல் ஒரே பாரத்தில் அழுந்துகிறது, கியர் பாக்ஸ் மூக்கின் பேரிங் தேய்கிறது, ஆயில் சீல் கசிகிறது. கடைசியில் உதறல் வந்ததும் "ஷாஃப்ட் போச்சு" என்கிறோம்.

ஆகவே நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சமயத்தில் வாங்கியது. முன்பின் மாற்றிப் போடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஸ்டெப்னி மட்டும் வேறு அளவில் இருந்தால், பஞ்சர் ஆனபின் அதிலேயே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடக் கூடாது.

கப்ளிங்கே பழசாகி இறுகிப்போயிருந்தால் நல்ல டயர் போட்டும் பலன் குறைவு. திருப்பத்தில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களை விட அதிக தூரம் உருள வேண்டும். அந்த வித்தியாசத்தைக் கப்ளிங் விட்டுக்கொடுக்க வேண்டும். காய்ந்த தார்த்தரையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, முதல் கியரில் ஆக்ஸிலரேட்டர் கொடுக்காமல் வட்டம் அடிக்க விடுங்கள். வண்டி தானாக ஊர்ந்து போனால் சரி. யாரோ பின்னால் இருந்து இழுத்துப் பிடிப்பது போலத் திணறினால், அல்லது என்ஜின் ஆஃப் ஆனால், கப்ளிங் இறுகிவிட்டது. காலையில் குளிர்ந்த வண்டியில் ஒரு தடவை, ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிய சூட்டில் ஒரு தடவை பார்க்க வேண்டும். சூட்டில் மட்டும் இறுகும் கப்ளிங்குகள் நிறைய. அதைத் திறந்து திரவத்தை மாற்றித் தருபவர்கள் ஐரோப்பாவில் இருக்கிறார்கள். இந்த வேலையை ஷாஃப்டுக்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் அல்ல.

சஸ்பென்ஷனை உயர்த்தியதால்தான் ஷாஃப்ட் கோணம் கெட்டது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சின்க்ரோவில் அது சரியில்லை. பின் கியர் பாக்ஸும் முன் டிஃபரன்ஷியலும் இரண்டுமே பாடியில் மாட்டியவை. நான்கு சக்கரமும் தனித்தனி சஸ்பென்ஷனில் ஏறி இறங்குகின்றன. வண்டியைத் தூக்கினால் கோணம் கூடுவது சக்கரத்துக்குப் போகும் அரைத்தண்டுகளின் சி.வி. ஜாயின்டில் (கோணத்திலும் சீரான வேகத்தில் சுற்றும் இணைப்பில்). ஷாஃப்ட் தன் பாட்டுக்கு இருக்கும். பின்னால் கட்டை ஆக்ஸில் உள்ள டெலிகா, ஹையேஸ் வேன்களில் கதை வேறு. அங்கே உயரம் கூடினால் ஷாஃப்ட் கோணமும் கூடத்தான் செய்யும், ஆக்ஸிலுக்கு ஆப்பு வைத்துப் பினியனைத் திருப்பிச் சரிசெய்கிறார்கள்.

சின்க்ரோவில் கோணத்தை உண்மையில் கெடுப்பவை இரண்டு. ஒன்று, முப்பது வருடத்துக்கும் மேல் பாரம் தாங்கி ஊறிப்போன ரப்பர் மவுண்ட். மற்றொன்று, சுபாரு என்ஜினோ டீசல் டிடிஐ-யோ மாற்றிப் போட்டவர் செய்த தாங்கி. என்ஜின் பின்பக்கம் சற்றுத் தாழ்ந்தால் கியர் பாக்ஸின் மூக்கு மேலே நிமிரும். ஒரு முனையின் கோணம் மாறி மறுமுனையோடு ஒத்துப்போகாமல் போகும். 132 ஹெர்ட்ஸ் இரைச்சல் என்ஜின் மாற்றியபின் புதிதாக வந்ததென்றால் சந்தேகமே வேண்டாம். காந்தம் வைத்த கோணமானியை ஃபிளாஞ்ச் மேலும் குழாய் மேலும் ஒட்டி இரண்டு முனையையும் அளந்தால் முடிந்தது. மவுண்டுக்கு அடியில் வாஷர் வைத்துத் திருத்தக்கூடிய வேலைதான்.

எல்லாவற்றுக்கும் தீர்வாக டீகப்ளர் என்ற பொருளைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். டாஷ்போர்டில் ஒரு குமிழை இழுத்தால் முன் இழுவை இணையும், தள்ளினால் விடுபடும். டயர் வித்தியாசத்தால் வரும் முறுக்கை இது அறவே போக்கும்; கியருக்கும் ஜாயின்டுக்கும் பெரிய நிம்மதி. ஆனால் உதறலுக்கு இது மருந்தல்ல. ஒரு முனையில் விடுபட்டாலும் ஷாஃப்டின் மறுமுனை கியர் பாக்ஸோடோ முன்சக்கரத்தோடோ பூட்டியே இருக்கிறது. அதே 4,000 சுற்று, அதே 60 நியூட்டன். பெரும் செலவு செய்து மாட்டியபின் "இன்னும் முனகுகிறதே" என்று திகைப்பவர்கள் இதைத்தான் கவனிக்கவில்லை. கப்ளிங்கை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கெட்டித் தண்டும் டீகப்ளரும் போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அது பழைய ஜீப் போன்ற அமைப்பு. தார்ச்சாலையில் குமிழை இழுத்தபடி மறந்து ஓட்டினால், நாலு திருப்பத்திலேயே டிரைவ் லைன் முறுக்கேறிக் குமிழைத் திரும்பத் தள்ளவே முடியாது.

இவ்வளவும் பார்த்தபின்தான் ஷாஃப்டின் பேலன்ஸ். ஃபிளாஞ்ச் முகத்தில் துருவும் பெயின்ட் படலமும் இல்லாமல் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்ட வேண்டும். அங்கே ஒரு காகிதக் கனம் இருந்தாலும் முழு ஷாஃப்டும் கோணும். டயல் கேஜில் குழாயின் நடுவே அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட்டம் தெரிந்தால் நிமிர்த்தப் பார்க்காமல் குழாயை மாற்றச் சொல்லலாம். மாட்டியபின் மிச்சமாகச் சிறு ரீங்காரம் இருந்தால், ஒரு முனையின் போல்ட்டுகளை மட்டும் கழற்றி ஃபிளாஞ்சை 180 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். ஷாஃப்டின் பிழையும் ஃபிளாஞ்சின் பிழையும் ஒரே பக்கம் கூடியிருந்தவை எதிரெதிராகி அடங்கிவிடுவதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் ஹோஸ் கிளிப் இரண்டு வாங்கிக் குழாயில் இறுக்கி, அவற்றின் திருகுத் தலைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரு ஓட்டம் ஓட்டி இடம் பிடிக்கலாம். பொறுமை வேண்டிய வேலை, ஆனால் வண்டியிலேயே, அதன் சொந்த மவுண்டுகளின் மேல் செய்வதால் பலன் சில நேரம் மிஷினை விட நன்றாக வரும். கிளிப் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் கேளுங்கள். சாதாக் கிளிப் ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்து அறுந்துவிடும்.